கயிற்றுச் சீல் வைத்த எஞ்சின்

தம்பிலுவிலிலிருந்து அந்த மண் வெட்டும் பெக்கோ லொறியில் ஏறி என் கராஜுக்கு வந்த கிழமையில்தான் காக்காவின் மகளுக்குக் கலியாண நாள் வைத்தார்கள். இரண்டும் வேறு வேறு கிழமைகளில் வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எனக்குத் தெரியாது. ஒன்றுமே ஆகாமலும் போயிருக்கலாம்.

காக்கா எனக்கு மூத்தவர். எனக்கு இருந்த உடன்பிறப்பு அவர் ஒருவர்தான். சண்டையின் கடைசி வருடங்களில், ஓர் அறுவடைக் காலையில், எங்கள் சிவப்பு மெசினை ஓட்டிக்கொண்டு மேற்கே வட்டைக்குப் போனார். உழவு இயந்திரத்தை நாங்கள் மெசின் என்றுதான் சொல்வோம். வட்டை என்றால் கண்ணுக்கெட்டின தூரம் வரை கிடக்கும் வயல். அன்று அங்கே போன மற்றவர்கள் பொழுதுபட நடந்து திரும்பினார்கள். மெசினும் வரவில்லை, காக்காவும் வரவில்லை. யார் கொண்டுபோனார்கள் என்பதற்கு ஊரில் இரண்டு மூன்று பதில்கள் இருந்தன. கேட்கிற ஆளின் முகத்தைப் பார்த்து அந்தப் பதில் மாறும். வெடிச்சத்தம் கேட்டவர் யாருமில்லை. மையத்தை, உயிர் போன உடலை, கண்டவரும் யாருமில்லை. மதினியின் வயிற்றில் அப்போது பிள்ளை.

அந்தப் பிள்ளைக்குத்தான் இப்போது கலியாணம்.

நிக்காஹ் எழுதுகிறவர் கலியாணத்துக்குச் சில வாரங்கள் முன்கூட்டியே மதினியின் வீட்டுக்கு வந்து, பாய் விரித்த அறையில் உட்கார்ந்து, தேநீரைக் குடித்து முடித்த பிறகு, மெதுவாகத்தான் கேட்டார்.

"புள்ளைட வாப்பா ஹயாத்தா, மவுத்தா?"

உயிரோடு இருக்கிறாரா, இறந்துவிட்டாரா என்பது இங்கே வெறும் கேள்வி இல்லை. வாப்பா மவுத்து என்றால், வாப்பாவின் தம்பியான நான் வலியாக, பெண்ணுக்குப் பொறுப்பாளியாக இருந்து பிள்ளையைக் கைபிடித்துக் கொடுக்கலாம். இருக்கிறாரா இல்லையா என்றே தெரியாது என்றால் அந்த உரிமை மார்க்க நீதவானான காதியாரின் கைக்குப் போய்விடும். யாரோ ஒருவர் வந்து எங்கள் பிள்ளையைக் கொடுப்பார்.

கதவுக்குப் பின்னால் நின்ற மதினி சொன்னார்: "தெரியா."

"தெரியா எண்டு ஒரு பதில் இல்ல, ராத்தா."

"எனக்கிட்ட அதுதான் இரிக்கி."

மாப்பிள்ளையின் உம்மா அன்று வந்திருந்தார். வாயில் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு என் பக்கம் திரும்பினார். "சாச்சா கல்லுப்போல இரிக்கக்குள்ள காதியார் வந்து புள்ளயக் குடுக்கிறதா? எங்கட ஊட்டுல கேட்டா நான் என்னத்தச் சொல்ற?"

வாய்விட்டுச் சொல்லாவிட்டாலும் நானும் அந்தப் பக்கம்தான். அந்தப் பிள்ளை என் தோளில் வளர்ந்த பிள்ளை. மதினி அந்த ஒரு சொல்லைச் சொல்லிவிட வேண்டும் என்று என் நெஞ்சுக்குள் ஆசை இருந்தது. மவுத்து. மூன்று எழுத்தா, நாலு எழுத்தா, அதற்குள் எத்தனை வருடம். மதினி, கணவனை இழந்தவர்கள் ஒதுங்கியிருக்கும் இத்தா இருக்கவில்லை, வெள்ளை உடுக்கவில்லை, மறுமணம் பேசி வந்தவர்களைப் வாசல் படலையோடு திருப்பினார். மருதமுனையில் தன் வாப்பா தந்த வீட்டில், வாப்பா தந்த தறியில், ஆண்கள் இடுப்பில் உடுக்கும் சாரன் நெய்து பிள்ளையை வளர்த்தார். சிவப்பு மெசின் போல ஒரு சத்தம் தெருவில் கேட்டால் தறி நிற்கும். நான் என் கராஜில் ஸ்பனரோடு வாசலுக்கு ஓடுவேன். எங்கள் இருவருக்கும் இடையில் இதைப் பற்றி ஒரு நாளும் கதை வந்ததில்லை.

பெக்கோவின் சொந்தக்காரர் என்னைவிடக் கொஞ்சம் வயது கூடியவர், மண் வெட்டும் வேலைகளைக் கொந்தராத்துக்கு எடுக்கிறவர், வயிறு முன்னால் வரப் பின்னால் வருகிற ஆள். தமிழ் ஆள்; முஸ்லிம் ஆண்கள் எல்லோரும் அவருக்குக் காக்கா, அவர் எங்களுக்கு அண்ணன். லொறியிலிருந்து இறங்கும்போதே பகிடி தொடங்கிவிட்டது.

"காக்கா, இது பெக்கோ இல்ல, எண்ணெய் பவுசர். தம்பிலுவில் தொடக்கம் திருக்கோவில் மட்டும் ரோட்டுக்கு நான்தான் எண்ணெய் பூசிக்கிட்டுத் திரியிறன்."

"முன்னாலயா அண்ணன் ஒழுகுது, பின்னாலயா?"

"பின்னால. கிளச்சுக்குள்ள போய் வழுக்குது. மிதிச்சா நிக்காது, விட்டாப் போகாது. எங்கட ஊட்டுக்காரி மாதிரி."

பின்னால் ஒழுகினால் பின் சீல். எஞ்சினின் முதுகெலும்பான கிராங்குத் தண்டு பின்பக்கமாக வெளியே வருகிற இடத்தில், ஒயிலைத் தடுத்து வைத்திருக்கிற வளையம் அது. மாற்றுவது கடினமில்லை. எந்தச் சீல் என்று கண்டுபிடிப்பதுதான் வேலை.

இந்தப் பழைய எஞ்சின்களுக்கு ஒரே முகம், பல பிறப்பு. ஒரே அச்சில் வார்த்தது மெசினுக்கும் போனது, லொறிக்கும் போனது, பெக்கோவுக்கும் போனது, படகுக்கும் போனது. வெளியே பார்த்தால் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். உள்ளே ஒன்றின் பிஸ்டன் தலையில் குழி ஆழம், மற்றதில் மேலோட்டம். ஒன்றுக்குப் பின் சீல் றப்பர் வளையம். அதற்கு மூத்ததுக்குக் கயிறு. ஆம், கயிறுதான். கரிப்பசை ஊறிய தடித்த கயிற்றை இரண்டு அரைவட்ட இரும்புகளின் காடிக்குள் தட்டி இறக்கி, தண்டைச் சுற்றிப் பூட்டுவது. எது எந்தப் பிறப்பு என்று அறிய, புளொக்கின் இடதுபக்கத்தில், பம்புக்கு மேலே, ஒரு விரல் அகலத்தில் அடித்திருக்கும் நம்பரைப் பார்க்க வேண்டும். முதல் இரண்டு எழுத்து பிறப்பைச் சொல்லும்.

பெற்றோல் தோய்த்த சீலையால் துடைத்தேன். எழுத்து வந்தது. பெக்கோவுக்கென்று வார்த்த பிந்திய வகை; றப்பர்ச் சீல். கொழும்புக்குச் சொல்லி எடுப்பித்தேன். ஆனால் துடைக்கும்போதே விரலில் ஒன்று தட்டுப்பட்டது. நம்பர் இருந்த இடம் சுற்றியிருந்த இரும்பைவிட ஒரு தாள் அளவுக்குப் பள்ளமாக இருந்தது. வெளிச்சத்தைச் சாய்த்துப் பிடித்தால், புது எழுத்துக்குக் கீழே பழைய எழுத்தின் நிழல். அரத்தால் அழித்து மேலே அடித்திருக்கிறார்கள். சோதனைச் சாவடியில் நம்பரையும் கடதாசியையும் ஒத்துப் பார்த்த காலத்தில் இப்படி நிறைய எஞ்சின்கள் பெயர் மாறின. எங்கள் தொழிலில் இருக்கிற யாருக்கும் இது புதினமில்லை. நானும் அதைப் புதினமாக எடுக்கவில்லை.

எஞ்சினைக் கழற்றி மரக்கட்டையில் ஏற்றியபோது இரண்டாவது ஒன்று. அடியில் இருக்கிற ஒயில்த் தொட்டியின் முகப்பில் நாலு பெரிய துளைகள், மண்ணும் கிரீஸும் அடைத்துக் கிடந்தன. பெக்கோவில் அந்தத் துளைகளுக்கு வேலையே இல்லை. மெசினில் உண்டு. மெசினுக்குத் தனி அடிச்சட்டம் கிடையாது, எஞ்சினே சட்டம். முன் அச்சு வந்து அந்த நாலு துளையில்தான் பூட்டும். அப்படியென்றால் இந்த எஞ்சின் ஒரு காலத்தில் முன் சில்லுகளைத் தாங்கிக்கொண்டு வயலுக்குள் போனது.

துளைகளுக்குள் இருந்த மண்ணை ஆணியால் சுரண்டி எடுத்தேன். காய்ந்து கறுத்த வயல் மண். அதை ஏன் உள்ளங்கையில் வைத்து அவ்வளவு நேரம் பார்த்தேன் என்று இப்போதும் தெரியவில்லை.

கொழும்பிலிருந்து றப்பர் வளையம் வந்தது. பின்புறச் சக்கரமான பிளைவீலைக் கழற்றி வளையத்தைப் பொருத்திப் பார்த்தேன். இருக்கவில்லை. உட்காருகிற இடமே அங்கே இல்லை. இரண்டு அரைவட்ட இரும்பு மட்டும் தண்டைக் கவ்விக்கொண்டு இருந்தது. நம்பர் சொன்னது பொய். இது மூத்த வகை, கயிற்றுச் சீல்க்காரன். கீழ்ப்பாதியின் நட்டுகளைக் கழற்றி இறக்கி, வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தேன்.

காடிக்குள் கறுப்பாகக் கயிறு. கம்பனிக் கயிறு இப்படி இராது. அதன் நுனி இரண்டும் நூலால் இறுக்கிச் சுற்றிக் கட்டியிருந்தது.

நான் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

பாதை பூட்டிக் கிடந்த காலத்தில் சாமான் ஒன்றும் வராது. மற்றக் கராஜ்காரர்கள் சாக்குச் சணலை முறுக்கி அடைப்பார்கள். பத்து நாளில் மறுபடி ஒழுகும். காக்காதான் இதைக் கண்டுபிடித்தார். மதினியின் தறியில் மிஞ்சுகிற பருத்தி நூலை மதினி கயிறாக முறுக்கிக் கொடுப்பார். செத்த டோர்ச் பெற்றரிகளை உடைத்து, உள்ளே இருக்கும் கரிக்குச்சியை உரலில் இடித்து மாவாக்கி, கிரீஸில் குழைத்து, அதில் கயிற்றை இரண்டு நாள் ஊறப்போடுவோம். வெட்டினால் பிரியாமல் இருக்க நுனியை நூலால் கட்டுவது மதினியின் யோசனை. நெய்கிற வீட்டுப் பழக்கம். "ஒங்கட மெசினுக்கு நான் குஞ்சம் கட்டி விட்டிரிக்கன்," என்று சிரிப்பார். எங்கள் சிவப்பு மெசினுக்கும் அப்படிப் போட்டுத்தான் இருந்தது; கயிறு போட்டவற்றில் காணாமல் போனது அது ஒன்றுதான். இந்தக் கரையில் வேறு எந்தக் கராஜிலும் இந்தக் கயிறு இல்லை. இதைச் செய்கிற கைகள் இரண்டு. ஒன்று என்னுடையது.

அரைவட்ட இரும்பை மடியில் வைத்துக்கொண்டு தம்பிலுவிலுக்குப் போன் எடுத்தேன்.

"அண்ணன், இந்த எஞ்சின் எங்க எடுத்த?"

"எஞ்சின் தனிய இல்லையே, பெக்கோவோடதான் எடுத்தன். அம்பாறைப் பக்கம் ஒரு பழைய இரும்புக்காரன்கிட்ட. எஞ்சின் மாத்திப் போட்டதெண்டு அவன் சொன்னவன்தான். ரெண்டு மூண்டு வருசம் மழைக்குள்ள சும்மா கிடந்தது."

"அந்தாளுட நம்பர் இரிக்கா?"

"அவன் செத்திட்டான், காக்கா. ஏன், களவு எஞ்சினா? எனக்குப் பொலிஸ் கிலிஸ் ஒண்டும் வராதே?"

சொன்னேன். மெசினோடு காக்கா போன கதையை முழுதாக. பிறகு பகிடி இல்லாத குரலில் கதைத்தார்.

"எங்கட பெரியம்மாட மகன் ஒருத்தனும் இப்பிடித்தான். சைக்கிள் மட்டும் பாலத்தடியில கிடந்தது. பெரியம்மா சாகும் வரைக்கும் அந்தச் சைக்கிளுக்குக் காத்தடிச்சு வச்சவ." அதைச் சொல்லிவிட்டு, "எஞ்சின் ஒங்கட. நீங்க வச்சிருங்க. நான் வேற பாக்கிறன்."

"அதக் கதைக்க இப்ப ஏலாது, அண்ணன்."

"சரி, சரி. அவசரமில்ல, ஆறுதலாப் பாருங்க."

இரண்டு நாள் நான் யாரிடமும் சொல்லவில்லை. மேல்பாதி எஞ்சினிலேயே இருந்தது. அதைக் கழற்றக் கை போகவில்லை. கீழ்ப்பாதிக் கயிற்றை வளைவு மாறாமல் எடுத்து ஒரு பால்மாத் தகரப் பேணிக்குள் வைத்தேன். வேலைக்கிடையில் எழுந்து போய்ப் பேணி மூடியைத் திறந்து பார்ப்பேன். பெற்றரிக் கரியின் மணம் இன்னும் இருந்தது. பின்னால் யாரோ நின்று, "நுனியக் கொஞ்சம் விட்டு வெட்டுடா," என்று சொல்கிற மாதிரி இருக்கும். திரும்பிப் பார்ப்பேன். எஞ்சின் கட்டையில் இருக்கும். துளைகள் நாலும் என்னைப் பார்த்தபடி இருக்கும்.

மதினிக்கு இதைக் காட்டினால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும் என்று நினைத்தேன். காக்காவோடு போனதிலிருந்து திரும்பி வந்த முதல் பொருள் இது. மெசின் வந்தால் ஆளும் வரும் என்று இருப்பார். அந்தச் சொல்லை இனி ஒரு காலமும் சொல்லமாட்டார். காதியார்தான் வருவார். காட்டாமல் விட்டால்? கயிறு அவர் முறுக்கியது. அதை நான் வைத்திருக்க எனக்கு என்ன உரிமை?

மூன்றாம் நாள் காலையில் பேணியை எடுத்துக்கொண்டு மருதமுனைக்குப் போனேன்.

மதினி தறியில் இருந்தார். கலியாண வீட்டுக்காரி, இன்னும் நெய்துகொண்டிருந்தார். மகள் வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

"வாங்க தம்பி. முகமென்ன இப்பிடி? காச்சலா?"

"இல்ல மதினி. ஒரு சாமான் கொண்டுவந்திரிக்கன். பாத்துச் சொல்லுங்க."

பேணியை வாங்கி மூடியைத் திறந்தார். உள்ளே பார்த்தவர் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. மணந்து பார்த்தார். பிறகுதான் தறியிலிருந்து இறங்கினார்.

"எங்க கிடந்த?"

சொன்னேன். பெக்கோ, அழித்த நம்பர், நாலு துளை, பொருந்தாத றப்பர், எல்லாம். அவர் குறுக்கே ஒன்றும் கேட்கவில்லை. மண்ணெண்ணெய் ஊற்றிய கிண்ணத்தில் கயிற்றை இட்டு, குழந்தையைக் கழுவுகிற மாதிரி விரலால் தேய்த்தார். கறுப்பு இறங்கியது. தண்டு உரசிய பக்கம் கருகிப் போயிருந்தது. காடிக்குள் பதிந்திருந்த பக்கம் முழுதாக இருந்தது. ஊசி எடுத்து நுனிக்கட்டின் நூலை அவிழ்த்து, முறுக்கைப் பிரித்தார்.

பிரித்துக்கொண்டு போகையில் கை நின்றது.

"தம்பி, இது நூல் இல்ல."

"என்ன மதினி?"

"நான் முறுக்கித் தந்த நூல் இல்ல இது. துணி. கிழிச்ச துணி."

கயிறு ஒரு நீளக் கிழிசலாக விரிந்தது. இரு விரல் அகலம். ஒரு பக்க ஓரம் கிழிந்த ஓரம். மறுபக்கம் நெய்த கரை. எண்ணெய் ஏறாத உள்மடிப்பில், வெள்ளைக்கு ஓரமாக மயில்கழுத்துப் பச்சையில் மூன்று கோடு.

"தொழுகைச் சாரன்," என்றார் மதினி.

எனக்கும் தெரியும் அந்தச் சாரனை. ஒரு பெருநாளுக்காக மதினி நெய்து கொடுத்தது. அந்தக் கரையை வேறு சாரனுக்குப் போடவில்லை. காக்கா வட்டைக்குப் போகிறபோதெல்லாம் அதைச் சீலைப் பையில் மடித்து, மெசினின் சாமான் பெட்டியில் வைத்துக்கொண்டு போவார். வரப்பில் தொழுகிற நேரத்துக்கு மட்டும் உடுப்பார். சாப்பிட உட்காருவதென்றாலும் மாற்றிவிடுவார், கறி பட்டுவிடும் என்று.

"யாரும் கிழிச்சிருக்கலாம் மதினி. பெட்டியில கிடந்ததை எடுத்து…"

"இல்ல." கிழிசலை எடுத்து மறுபடி முறுக்கிக் காட்டினார், ஒரு தடவை வலப்பக்கமாக, ஒரு தடவை இடப்பக்கமாக. "பாருங்க. இது பிரிஞ்ச தடம் இடப்பக்கம். ஆரும் வலப்பக்கமாத்தான் முறுக்கும். அவருக்குத்தான் கை மறுபக்கம் போற. எத்தின தரம் சொல்லிக் குடுத்த. 'என்னகா, மெசினுக்கு வலமும் இடமும் தெரியுமா' எண்டு கேப்பார்." அவிழ்த்த நூலைத் தொட்டார். "நுனியும் கட்டியிரிக்கார். நான் சொன்னபடி."

அப்படியென்றால் அன்று அவர் சாகவில்லை. எங்கோ ஓரிடத்தில், எங்கள் மெசினின் பழைய சீல் போய், வேறு சாமான் இல்லாத ஓர் இடத்தில், காக்கா மெசினை மரக்கட்டையில் ஏற்றி இரண்டாகப் பிரித்து, தன் சாரனைக் கிழித்து, முறுக்கி, நுனி கட்டி, தட்டி இறக்கியிருக்கிறார். யார் பார்த்துக்கொண்டு நின்றார்கள்? தண்ணீர் கொடுத்தார்களா? மேல்பாதிக்கும் அதே சாரனின் மறுபக்கம்தானா? கேள்விகள் எனக்குள் குளவிக்கூடு உடைந்த மாதிரிப் பறந்தன. மவுத்து என்ற அந்தச் சொல் இனி வராது என்று மட்டும் தெளிவாகத் தெரிந்தது. காதியாரிடம் போக வேண்டியதுதான்.

மதினி வேறு எதையோ யோசித்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, இதப் போட்டா மெசின் ஓடுமா?"

"ஓடும்."

"எவ்வளவு தூரம் ஓடும்?"

"ஊட்ட வரத் தாராளமாக் காணும் மதினி. அதுக்கு மேலயும் ஓடும். இப்பதானே ஒழுகத் தொடங்கியிரிக்கி."

"அப்ப நல்லாத்தான் செஞ்சிரிக்கார்."

"ஓம். என்னால இப்பிடிச் செய்ய ஏலாது."

தறியின் கட்டையில் சாய்ந்தார். வெளியே மகள் சுளகைத் தட்டுகிற சத்தம்.

"கறி பட்டாலே கழுவப் போடுற மனுசன். தொழுற சாரனைக் கிழிச்சு ஒயிலுக்குள்ள போட்டிரிக்கார் எண்டா அது ஊட்ட வாறதுக்குத்தான் தம்பி. வேற ஒண்டுக்கும் போடமாட்டார்." கிழிசலை நாலாக மடித்தார், எட்டாக மடித்தார். "மெசின் ஓடியிரிக்கி. அவர் வரல்ல."

நான் பேணியை மூடினேன்.

"நானும் இவ்வளவு காலமும், மெசின் எங்கயும் பழுதாகிக் கிடக்கு, ஒரு நாளைக்குச் செஞ்செடுத்துக்கிட்டு வருவார் எண்டுதான் இருந்த. மெசின் பழுதில்லயே. செஞ்சி முடிச்சிட்டாரே." குரல் அப்போதும் உடையவில்லை. "எழுத வாறவருக்குச் சொல்லுங்க. நீங்களே வலியா இருங்க."

மகள் சுளகோடு வாசற்படியில் வந்து நின்றது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அவள் உம்மாவின் மடியில் இருந்ததைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். ஒன்றும் கேட்காமல் உம்மாவுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

அன்றே மதினி வெள்ளை உடுத்தார். இத்தா இருக்கப் போகிறேன் என்றார். நிக்காஹ் எழுதுகிறவரை நான் கூட்டிக்கொண்டு வந்தேன்; அவர் திரைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து பொறுமையாக விளக்கினார். மவுத்தான நாளிலிருந்துதான் இத்தாக் கணக்கு, அது எப்போதோ முடிந்திருக்கும், இப்போது கடமை இல்லை என்றார்.

"அது மார்க்கத்துட கணக்கு. நான் மறுக்கல்ல," என்றது உள் அறையான காம்பறாவுக்குள்ளிருந்து மதினியின் குரல். "எனக்கு இண்டைக்குத்தான் மவுத்துச் செய்தி வந்த. கொஞ்ச நாளைக்கு என்னை இருக்க விடுங்க."

மாப்பிள்ளையின் உம்மா கேள்விப்பட்டு ஓடி வந்தார். "கலியாண ஊட்டுக்குள்ள வெள்ளையா? கலியாணத்த முடிச்சிட்டு மறுகா இருந்தா ஆகாதா?"

பதில் சொன்னது மகள். "மாமி, உம்மா காம்பறாவுக்குள்ளதானே இரிக்கிற. நானும் அந்தக் காம்பறாவுலதான் உடுக்கப் போறன். ஒங்களுக்குப் பாக்க ஏலாட்டி நீங்க வெளிய இருந்து என்னைப் பாருங்க." பிறகு மாமியே ஒரு வெள்ளைச் சால்வை கொண்டுவந்து உள்ளே கொடுத்ததாகக் கேள்வி.

கலியாணத்துக்கு முன் நான் பெக்கோ வேலையை முடித்தேன். மதினிதான் சொன்னார், "அந்தாளுட வேலையை நிப்பாட்டி வைக்காதீங்க" என்று. மேல்பாதியைக் கழற்றினேன். அதிலும் அதே பச்சைக் கோடு. மூத்த வகைக்கான கம்பனிக் கயிற்றை எடுப்பித்துப் போட்டேன். நம்பர் இருந்த இடத்தை மறுபடி துடைத்து, வெளிச்சத்தைச் சாய்த்து, எங்கள் பழைய நம்பரின் ஓர் எழுத்தையாவது படிக்க முயன்றேன். சில நாள் ஓர் எழுத்துத் தெரியும். மறுநாள் அது வேறு எழுத்தாக இருக்கும். எஞ்சினை முதல் தரம் முடுக்கியபோது, அந்தச் சத்தம் எனக்கு அடையாளம் தெரியும் என்று காத்து நின்றேன். தெரியவில்லை. எந்தப் பழைய எஞ்சினும் போடுகிற சத்தம்தான். அதுதான் என்னை அதிகம் வருத்தியது.

தம்பிலுவில் அண்ணன் வந்து பெக்கோவை ஏற்றினார். ஓட விட்ட எஞ்சினுக்கு மேலே உள்ளங்கையை வைத்து, சூடு ஏறும் வரை எடுக்காமல் நின்றார். கலியாணத்துக்கு வரட்டுமா என்று கேட்டார். வாங்க என்றேன்.

நிக்காஹ் அன்று பந்தல் நிறைந்திருந்தது. மாப்பிள்ளை எனக்கு எதிரே, முழங்காலோடு முழங்கால் முட்ட உட்கார்ந்திருந்தான். எழுதுகிறவர் சாட்சிகளைப் பக்கத்தில் இருத்தி, ஒழுங்குப்படி கேட்டார்.

"பெண்ணுட வாப்பா?"

மதினிதான் சொல்ல வேண்டும் என்று இத்தனை நாளும் நான் நினைத்துக்கொண்டிருந்த சொல், என் வாயில் வந்து நின்றது. நான் அதை ஒரு நாளும் சொன்னதில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. வீட்டில் சொன்னதில்லை, தொழுகையில் சொன்னதில்லை, தனியாக இருக்கும்போதுகூடச் சொன்னதில்லை. சொல்லாமல் இருந்தவர் மதினி மட்டும் இல்லை. எங்கோ ஒரு மரத்தடியில் ஒரு மனிதன் இடப்பக்கமாகத் துணி முறுக்கிக்கொண்டிருந்தான். நான் சொன்னால் அவன் கை நின்றுவிடும்.

"மவுத்து," என்றேன்.

"சத்தமாச் சொல்லுங்க. சாட்சிக்குக் கேக்கல்ல."

"மவுத்து."

அப்போது உள் காம்பறாவிலிருந்து மதினியின் குரல் வந்தது. உரத்தும் இல்லை, மெல்லவும் இல்லை.

"இன்னா லில்லாஹி வ இன்னா இலைஹி ராஜிஊன்."

நாம் இறைவனுக்குரியவர்கள், அவனிடமே மீளுகிறவர்கள் என்று மவுத்துச் செய்திக்கு ஓதுகிற அதை, காக்காவுக்காக முதல் தடவையாக ஒருவர் ஓதினார். அடுத்து சாட்சிகள் ஓதினார்கள். பிறகு முன் வரிசை, அதற்குப் பின் வரிசை, சமையற்கட்டில் நின்ற பெண்கள், தெருவோரம் நின்றவர்கள் என்று அது பந்தலைத் தாண்டிப் போனது. கடைசி வரிசையில் பெக்கோ அண்ணன் எழுந்து, கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார். மாப்பிள்ளையும் தலையைக் குனிந்து ஓதினான்.

எல்லோரும் ஓதி முடியும் வரை எழுதுகிறவர் காத்திருந்தார். பிறகு எனக்குத் தலையசைத்தார். நான் மாப்பிள்ளையின் கையைப் பிடித்தேன்.